அச்சுக்கூடத்து ஓட்டக்காரர்

1775-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் தேதியன்று லெக்ஸிங்டன், கான்கார்டு என்னும் இரண்டு ஊர்களில் ஆங்கிலத் துருப்புக்களை எதிர்த்து அமெரிக்கக் குடியானவர்கள் துப்பாக்கி ஏந்தி நின்றதன் ஞாபகார்த்தமாக, மாஸசூஸெட்ஸ் மாநிலம் 1894 முதல் அத்தேதியைத் தேசபக்தர் தினமென்று விடுமுறை விட்டுக் கொண்டாடத் தொடங்கியது. 1896-இல் ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் புத்துயிர் பெற்றபோது, அங்கே நடந்த மாரத்தான் ஓட்டத்தைக் கண்டு வியந்து திரும்பிய பாஸ்டன் அத்லெட்டிக் சங்கத்தார், தங்கள் ஊரிலும் அப்படியொன்று நடத்த வேண்டுமென்று உறுதி பூண்டு, மறு வருஷமே அதற்கு அந்த விடுமுறை நாளைத் தேர்ந்துகொண்டார்கள். ஆஷ்லண்டு என்ற ஊரில் ஓர் ஆலையருகே தொடங்கிப் பாஸ்டன் வரை, ஏறக்குறைய 24½ மைல் தூரத்துக்குப் பதினைந்து பேர் ஓடினார்கள். 2 மணி 55 நிமிஷம் 10 வினாடியில் முதலாவதாக வந்து சேர்ந்த ஜான் மக்டெர்மட், நியூயார்க்கைச் சேர்ந்த லித்தோ அச்சுத் தொழிலாளி.

அந்தப் பந்தயத்துக்கு விடுமுறை நாள் வாய்த்தது பெரிய விஷயமென்றே நான் கருதுகிறேன். வாரம் முழுவதும் உலைக்களத்திலும் ஆலையிலும் சாரத்தின் மீதும் நின்று உழைப்பவன், அன்றைய கூலியை இழக்காமல் ஓடலாம் என்ற நிலை அதனாலேயே ஏற்பட்டது. 1899-இல் வென்ற லாரன்ஸ் பிரிக்னோலியா ஒரு கொல்லர்; 1905-இல் வென்ற ஃப்ரெட் லார்ஸ் ஒரு கொத்தனார்; அனலாய்க் கொளுத்திய 1909-ஆம் ஆண்டு வெயிலில் பலரும் சோர்ந்து விலக, கடைசிவரை தாக்குப்பிடித்து வென்ற ஆன்ரி ரெனோ ஓர் ஆலைத் தொழிலாளி.

இதன் அருமையை உணர வேண்டுமானால் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் நடந்ததைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1866-இல் லண்டன் மாநகரில் கனவான்கள் கூடி ஏற்படுத்திய அமெச்சூர் அத்லெட்டிக் கிளப், பணத்துக்காக ஓடியவர்களை விலக்கியதோடு நில்லாமல், இயந்திரத் தொழிலாளர், கைவினைஞர், கூலிக்காரர் ஆகிய எல்லோரையுமே பந்தயக் களத்துக்கு வெளியே நிறுத்தியது. உடலுழைப்பால் வலுப்பெற்றவனோடு கனவான் போட்டியிடுவது சமமாகாது என்று நியாயம் கற்பித்தார்கள்; கூலிக்காரனோடு தோளுரசி ஓட மனமில்லாமையே அதன் உள்ளார்ந்த காரணம் என்பது என் துணிபு. 1880-இல் ஆக்ஸ்போர்டில் தோன்றிய புதிய சங்கம் இத்தடையை நீக்கிற்று. ஆயினும், ஓட்டத்தினால் ஒரு காசும் சம்பாதிக்கலாகாது என்னும் மற்றொரு நியமம் இரு கண்டங்களிலும் நிலைத்துவிட்டது. பொருளுள்ளவனுக்கு இந்த நியமம் ஒரு பாரமாகத் தோன்றியிராது. தொழிலாளியோ, பயிற்சிக்கு வேண்டிய நேரத்தைத் தன் உறக்கத்திலிருந்தும் ஓய்விலிருந்தும் பிரித்தெடுத்தாக வேண்டியிருந்தது. அப்படிப் பிரித்தெடுத்தவர்களில் தலையாயவர் கிளாரன்ஸ் டெமார்.

1888-இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்த டெமார் சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் மாஸசூஸெட்ஸுக்குப் பெயர்ந்தது. தாயாரால் காப்பாற்ற இயலாத வறுமையினால், பாஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய தாம்ஸன் தீவில் ஏழைப் பிள்ளைகளுக்காக நடந்துவந்த பண்ணைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பின்னர் வெர்மாண்ட் சர்வகலாசாலையில் வேலை செய்துகொண்டே படித்த காலத்தில்தான், இருபது வயதைக் கடந்த பிறகு, நெடுந்தூரம் ஓடும் பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. படிப்பைப் பாதியில் நிறுத்திக் குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலை வந்தபோது பாஸ்டனில் அச்சுத் தொழிலில் அமர்ந்தார். ஈய எழுத்துக்கள் நிறைந்த பெட்டியின் முன் நாள் முழுவதும் நின்றபடி செய்யும் அந்த வேலை கால்களுக்கும் கண்களுக்கும் எவ்வளவு அயர்ச்சி தரும் என்பதை நம் நாட்டு அச்சுக்கூடங்களை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சிக்குத் தனியே நேரம் தேடி அலையாமல், வேலைக்குப் போகும் வழியையே பயிற்சிக்களமாக ஆக்கிக்கொண்டு, மாற்றுச் சட்டையொன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு அவர் அச்சுக்கூடத்துக்கு ஓடிச் சென்றார்; மாலையில் ஓடியே வீடு திரும்பினார்.

1910-இல் பாஸ்டன் பந்தயத்தில் இரண்டாமவராக வந்த டெமார், அடுத்த ஆண்டு தொடக்கக் கோட்டருகே சென்றபோது, அவரைச் சோதித்த வைத்தியர்கள் இருதயத்தில் இயல்புக்கு மாறான ஓசை கேட்பதாகச் சொல்லி, களைப்புத் தோன்றிய கணமே விலகிவிட வேண்டும் என்றும், இதுவே கடைசிப் பந்தயமாக இருக்கட்டும் என்றும் எச்சரித்தார்கள். மிகுதியான ஓட்டம் இருதயத்தைப் பருக்கச் செய்து ஆயுளைக் குறைக்கும் என்பது அக்கால வைத்திய சாஸ்திரத்தில் பலர் கொண்டிருந்த கொள்கையாதலால், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அன்று டெமார் 2 மணி 21 நிமிஷம் 39 வினாடியில் ஓடி முடித்து, அந்தப் பாதையில் அதுவரை எவரும் காணாத வேகத்தில் வெற்றி பெற்றார். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பன்னிரண்டாமவராக வந்தார்.

பிறகு வந்த வருஷங்களில் அவர் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார். வைத்தியர்களின் எச்சரிக்கை ஒரு பக்கம். பிறரை முந்த விழைவது தம் பாப்டிஸ்ட் சமய நெறிக்கு ஒக்குமா என்ற மனச்சஞ்சலம் மறுபக்கம். இவற்றோடு, பகலில் வேலை செய்பவர்களுக்காக ஹார்வர்டு நடத்திய வகுப்புகளில் படித்து 1915-இல் பட்டம் பெற்ற உழைப்பும் சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் சிறுவர்களுக்கு வேதபாடம் நடத்துவதும், சாரணச் சிறுவர்களை வழிநடத்துவதும் அவர் விடாது செய்துவந்த காரியங்கள். 1917-இல் மூன்றாமவராக வந்தார். பின்பு உலக யுத்தம் அவரையும் ராணுவத்துக்கு அழைத்துக்கொண்டது. விளையாட்டு வீரனொருவனின் நல்ல பருவம் என்று உலகம் கணக்கிடும் காலமெல்லாம் இவ்வாறு கழிந்தது. அது வீணாகக் கழிந்ததென்று எண்ணுவோர் பலர். அந்த நீண்ட ஓய்வே அவர் உடலைப் பிற்காலத்துக்குக் காத்து வைத்தது என்று நான் நம்புகிறேன்.

1922-இல் முப்பத்துமூன்று வயது நிரம்பிய டெமார் மீண்டும் பாஸ்டனில் ஓடி, 2 மணி 18 நிமிஷம் 10 வினாடியில் வென்று, பாதையின் பழைய எல்லையைத் தகர்த்தார். 1923-இல் வென்றார். 1924-இல் ஒலிம்பிக் அளவுக்கு இசையத் தொடக்கம் ஹாப்கிண்டனுக்கு மாற்றப்பட்டுத் தூரம் கூடியது. அப்போதும் அவரே வென்றார். அந்தக் கோடையில் பாரிஸ் ஒலிம்பிக்கில், ஃபின்லாந்தின் ஸ்டென்ரூஸுக்கும் இத்தாலியின் பெர்த்தினிக்கும் அடுத்தபடியாக வெண்கலப் பதக்கம் பெற்றார். 1927, 1928 ஆண்டுகளில் வென்ற பிறகு, 1930-இல் தம் நாற்பத்தோராவது வயதில் ஏழாவது முறையாக வெற்றிமாலை சூடினார். ஒருவரே ஏழு முறை வென்ற பெருமையும், அந்த வயதில் வென்ற பெருமையும் இன்றுவரை அவருக்கே உரியவை.

இந்த வெற்றிகளில் ஒன்றுகூட அவருக்கு ஜீவனோபாயம் தரவில்லை. நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில் கீன் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அச்சுக்கலை கற்பித்தும், மணம் புரிந்து குழந்தைகளை வளர்த்தும், 1934-இல் பாஸ்டன் சர்வகலாசாலையில் மேற்பட்டம் பெற்றும், 1937-இல் தம் அனுபவங்களை ஒரு நூலாக வெளியிட்டும், இவற்றுக்கிடையே ஓடினார்.

அக்கால ஓட்டக்காரர்கள் பட்ட தேக சிரமங்களை இன்று மெத்தை வைத்த காலணிகளில் ஓடுபவர்கள் கற்பனை செய்வதும் கடினம். மெல்லிய தோற்காலணிக்கும் கடினமான சாலைக்கும் இடையே பாதம் நசுங்கியது. கொப்புளங்கள் உடைந்து இரத்தம் கசிந்தது. விரல் நகங்கள் கருத்து உதிர்ந்தன. கணைக்கால் முன்னெலும்பின் வலி வாரக் கணக்கில் நீடித்தது. மறுநாள் காலை அதே பாதங்களில் நின்றுதான் கூலி சம்பாதிக்க வேண்டும். இந்தத் துன்பத்தைக் கண்டு, பீபாடி என்ற ஊரில் வசித்த ரிச்சிங்ஸ் என்னும் சப்பாத்துத் தொழிலாளி, ஓட்டக்காரர்களுக்கென்றே இலேசான வெண்ணிறக் காலணிகளைத் தைத்துக் கொடுத்தார். அவற்றை அணிந்து ஓடியவர்களுள் 1935-இல் வென்ற ஜான் கெல்லியும் ஒருவர்.

கெல்லியும் டெமாரின் வழியில் வந்தவரே. முதல் வெற்றியின்போது பூ வியாபாரி ஒருவரிடம் உதவியாளராக இருந்து, பின்பு பாஸ்டன் எடிசன் மின்சாரக் கம்பெனியில் பராமரிப்பு வேலையில் அமர்ந்து, 1945-இல் மறுபடியும் வென்ற அவர், 1928 முதல் 1992 வரை 61 முறை அந்தப் பந்தயத்தில் இறங்கி 58 முறை ஓடி முடித்தார். கடைசி முறை அவருக்கு வயது 84.

டெமார் தம் 65-ஆவது வயதில், 1954-இல், பாஸ்டனில் கடைசியாக ஓடினார். 1958-இல் புற்றுநோயால் காலமானார். அவர் உடலைப் பரிசோதித்ததில் தெரிந்தவற்றை, இருதய நோய் வைத்தியத்தில் உலகப் பிரசித்தி பெற்ற பால் டட்லி ஒயிட்டும் ஜேம்ஸ் கரன்ஸும் 1961-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் சாமானிய மனிதருக்கு உள்ளதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகன்றிருந்தன. ஒரே மனிதரின் உடலைக்கொண்டு பொது விதி வகுக்க முடியாதெனினும், நெடுந்தூர ஓட்டம் இருதயத்தைச் சிதைக்கும் என்ற அச்சம் தளர அக்கட்டுரை பெரிதும் உதவிற்று.

கனவான்கள் தொழிலாளிகளை விலக்கியதைப் போலவே, பாஸ்டனிலும் 1972 வரை பெண்கள் விதிப்படி ஓட இயலவில்லை; அந்த அநீதியையும் இச்சரித்திரத்தில் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓடுவோர் தொகை ஆயிரத்தைத் தாண்டியதும், 1970-இல், நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வல்லவரே வரலாம் என்று வரம்பு கட்டினார்கள். 1986-இல் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆதரவோடு பரிசுப் பணம் வந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. உழைப்புக்குக் கூலி கிடைப்பது நியாயமே. ஆனால், அதற்கு முந்திய 89 ஆண்டுகள் அந்தப் பந்தயத்தைத் தாங்கி நின்றவர்கள் மறுநாள் காலை வேலைக்குப் போன மனிதர்கள். டெமார் அச்சுக்கலை கற்பித்த கீன் நகரை நோக்கி, கில்ஸம் என்னும் சிற்றூரிலிருந்து, 1978 முதல் அவர் பெயரால் ஒரு மாரத்தான் ஓட்டம் நடந்து வருகிறது.