பன்னீர் திராட்சையும் அதன் ஸ்பெயின் உறவும்

திண்டுக்கல்லில் இருந்து மதுரை போகும் வழியில், கொடைரோடு பக்கம் சாலையோரத்தில் கருப்புத் திராட்சையைக் கூடையில் குவித்து வைத்து விற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சிறுமலை அடிவாரத்தில் வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி ஊர்களில் பந்தல் போட்டு வளர்க்கும் பழம் இது. ஒவ்வொரு பழத்திலும் கொட்டை இருக்கும். ஆனாலும் அந்த வாசனை! அதனால்தான் பன்னீர் திராட்சை என்று பெயர் வந்தது. தேனி மாவட்டத்தின் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்த ரகத்தின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 2003-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இதன் பெற்றோரைக் கண்டுபிடித்தது. அதில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. ஸ்பெயினில் அதை மொஸ்கடெல் என்பார்கள். தெற்கு ஸ்பெயினின் மாலகா நகரத்துக்குப் புகழ் சேர்த்த இனிப்பு ஒயின் இந்தப் பழத்தில் இருந்தும் வருகிறது. ஆக, கொடைரோட்டுக் கூடையில் இருப்பது மாலகா ஒயின் திராட்சையின் பிள்ளை!

மாலகாவில் பறித்த பழத்தை உடனே பிழிவதில்லை. பாயில் பரப்பி வெயிலில் காய வைக்கிறார்கள். தண்ணீர் வற்றி இனிப்பு ஏறிய பிறகு பிழிந்து புளிக்க வைத்து, பாதியிலேயே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதித்தலை நிறுத்தி விடுகிறார்கள். மீதி சர்க்கரை அப்படியே தங்கி விடும். சில வகைகளில் நிறத்துக்காகக் காய்ச்சிய சாற்றையும் கலப்பார்கள். அதன் பெயர் அரோப்பே. பதநீரைக் கருப்பட்டிப் பாகாகக் காய்ச்சுவதை நினைத்துக் கொள்ளுங்கள், அதேதான். இந்த ஒயின் கப்பல் பயணத்தில் கெடாது என்பதால் உலகமெங்கும் போனது. 1878-இல் ஃபைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி மாலகாவில் நுழைந்து தோட்டங்களை அழித்ததோடு அந்தப் பெருமை சரிந்தது.

சரி, இந்தப் பிள்ளை திண்டுக்கல் பக்கம் எப்படி வந்தது? 1832 வாக்கில் கிறிஸ்தவப் பாதிரியார்கள் சேலம், மதுரை மாவட்டங்களுக்குத் திராட்சையைக் கொண்டு வந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. (திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டம்தான்.) பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டும் என்பதால் இது நம்பக் கூடியதே. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. மஸ்கட் ஹாம்பர்க் இங்கிலாந்தில் ஸ்னோ என்ற தோட்டக்காரர் 1850 வாக்கில் உருவாக்கிய ரகம் என்பார்கள். அப்படியானால் 1832-இல் இது எப்படி வந்திருக்கும்? பாதிரியார்கள் முதலில் நட்டது வேறு ரகமாக இருக்க வேண்டும்; பன்னீர் பின்னால் வந்து இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு கதைகளையும் ஒன்றாகக் கலந்து எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ரசத்துக்காக வந்த செடி இங்கே பழமாகவே நின்று விட்டது. 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுக்கப் பரவியது. விவசாயிக்குப் பழக்கடையும் ஜூஸ் கடையும்தான் சந்தை. விலை விழுந்தால் பழத்தை நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது, அழுகி விடும். மாலகாக்காரன் தன் பழத்தை உலர வைத்துத் திராட்சையாகவோ ஒயினாகவோ ஆண்டுக்கணக்கில் காப்பாற்றினான். கம்பம் பக்கம் ஒயின் ஆலை வேண்டும் என்ற கோரிக்கை அடிக்கடி எழுவது இதனால்தான்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். இனிப்பு ஒயினுக்கு ஒரு விதி உண்டு: உடன் சாப்பிடும் பலகாரத்தை விட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் புளிக்கும். அதனால் ஸ்பெயின்காரர்கள் பாதாம், அத்திப்பழம், உப்பும் காரமுமான நீலப் பாலாடைக்கட்டி என்று வைப்பார்கள். மாலகாவில் பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த சூப்பில் மொஸ்கடெல் பழத்தையே மிதக்க விடுவார்கள். நம் அதிரசமோ பால்கோவாவோ இந்த விதியில் தோற்று விடும். மிளகுக் காரம் ஏறிய சீரகச் சம்பா பிரியாணிக்கு இனிப்பு இதமாக இருக்கும், ஆனால் கூடுதலான சாராயம் காரத்தைக் கிளப்பி விடும்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் சில வீடுகளில் பன்னீர் திராட்சையைப் பீங்கான் ஜாடியில் போட்டு, சர்க்கரையும் பட்டை கிராம்பும் சேர்த்துச் சில வாரம் மூடி வைப்பார்கள் (சட்டம் இதை விரும்புவதில்லை என்பது வேறு விஷயம்). புளித்தது போக மிஞ்சும் சர்க்கரையால் அதுவும் இனிப்பாகவே இருக்கும். உடன் ஒரு துண்டு பிளம் கேக், அதில் கிஸ்மிஸ்.