துருத்தி முதல் ஹெட்செட் வரை: வேலைப் பயிற்சியில் மெய்நிகர் உலகம்

வேலையில் இறங்குவதற்கு முன் அதைப் போலி இயந்திரத்தில் பழகும் முறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஹெட்செட்டை மாட்டிக்கொண்ட தொழிலாளி, எதிரே இல்லாத இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிப் பழகுவது மெய்நிகர் பயிற்சி; சுருக்கமாக வி.ஆர். உண்மையான இயந்திரத்தைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது அதன் மேல் கோடுகளும் குறிப்புகளும் தெரிய, அவற்றைப் பார்த்தபடி வேலை செய்வது மிகை மெய்ம்மை, சுருக்கமாக ஏ.ஆர். இரண்டுக்கும் கணினி தேவை. ஆனால் இரண்டின் வேரும் கணினிக்கு முந்தையது. விமானம் ஓட்டக் கற்றவர்களிடம் தொடங்கியது. தச்சுப் பட்டறையில் பழகுபவர் கை தவறினால் ஒரு பலகை வீணாகும். வானத்தில் பழகுபவர் கை தவறினால் உயிர் போகும். தவறு செய்து பார்க்கத் தரையிலேயே ஓர் இடம் வேண்டும் என்ற தேவை அங்கேதான் முதலில் எழுந்தது.

பீப்பாயும் ஆர்கனும்

1910 வாக்கில் பிரான்சின் ஆன்ட்வானெட் விமான நிறுவனம் ஒரு பீப்பாயை இரண்டாக அறுத்து, ஒரு பாதியின் மேல் மறுபாதியை வைத்துப் பயிற்சிக் கருவி செய்தது. மேல் பாதியில் மாணவர் உட்காருவார். உதவியாளர்கள் அதைக் கையால் பிடித்து ஆட்டுவார்கள். மாணவர் சக்கரங்களைத் திருப்பி, முன்னால் இருக்கும் சட்டத்தைத் தொடுவானத்துக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். கருவி எளியதுதான். ஆனால் சாய்வை உணர்ந்ததும் கை தானாகத் திருத்தும் பழக்கத்தை அது உடலுக்குக் கற்றுத்தந்தது.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் எட்வின் லிங்க். 1904-இல் பிறந்த இவர், நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரில் தன் தந்தை நடத்திய பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் தொழில் கற்றவர். 1920-இல் முதன்முதலாக விமானப் பாடம் எடுத்தபோது கட்டணம் கையைக் கடித்தது. பயிற்சியாளர் விமானத்தைச் செலுத்தும் கோலைத் தொடவே விடவில்லை. 1920-களின் இறுதியில், தொழிற்சாலையின் நிலவறையில் தனக்குத் தெரிந்த பொருள்களைக் கொண்டே அவர் ஒரு குட்டி விமானத்தைக் கட்டினார். குழாய் ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகள்தான் அதன் தசைகள். மாணவர் கோலை அசைத்தால் வால்வுகள் திறந்து மூடும். அடியில் இருக்கும் துருத்திகள் சுருங்கி விரிய, குட்டி விமானம் மூக்கைத் தூக்கும், இறக்கும், பக்கவாட்டில் சாயும்.

1929-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் விமானப் பள்ளிகள் கருவியைப் பொருட்படுத்தவில்லை. வாங்கியவை பெரும்பாலும் பொழுதுபோக்குப் பூங்காக்கள். காசு போட்டு ஏறி ஆடிவிட்டு இறங்கும் விளையாட்டுப் பொருளாகவே அது சில ஆண்டுகள் இருந்தது.

1934-ஆம் ஆண்டின் பாடம்

1934 பிப்ரவரியில் அமெரிக்க அரசு தனியார் விமான நிறுவனங்களுடனான அஞ்சல் ஒப்பந்தங்களை ரத்து செய்து, கடிதங்களைச் சுமக்கும் பொறுப்பை ராணுவ விமானிகளிடம் கொடுத்தது. கடுங்குளிர், மூடுபனி, இரவு. தரையைப் பார்த்து ஓட்டிப் பழகியவர்கள், எதுவும் தெரியாத வானத்தில் கருவிகளை மட்டுமே நம்பி ஓட்ட வேண்டியதாயிற்று. சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட விமானப்படையினர் விபத்துகளில் இறந்தனர். அவர்களுக்குத் துணிச்சலில் குறையில்லை. கருவியைப் பார்த்து ஓட்டும் பயிற்சிதான் அவர்களுக்குத் தரப்படவில்லை.

லிங்க் தன் கருவியைக் காட்ட ராணுவ அதிகாரிகள் அழைத்த நாளில், நியூவார்க் விமான நிலையத்தில் பனி மூடியிருந்தது. அவர் வரமாட்டார் என்று எண்ணி அதிகாரிகள் கிளம்பத் தயாராக, அவர் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிவந்து இறங்கினார். அந்த ஆண்டே ராணுவம் தலா 3,500 டாலர் விலையில் 6 கருவிகளை வாங்கியது.

பூங்காவில் ஆடிய அதே பெட்டி இப்போது பயிற்சிக் கருவியானது. அதற்குக் காரணம் அதில் வந்து சேர்ந்த மூன்று பொருள்கள்: வெளியே எதையும் பார்க்கவிடாத ஒரு மூடி, உள்ளே விமானக் கருவிகளின் முகப்பு, வெளியே ஆசிரியரின் மேசை. மூடியை இறக்கினால் மாணவருக்கு முள்களும் எண்களும் மட்டுமே தெரியும். காதில் வானொலியின் ஒலி கேட்கும். அந்தக் காலத்து வான்வழிகளை இரண்டு மோர்ஸ் எழுத்துகள் காட்டின. பாதையின் ஒரு பக்கம் விலகினால் குறில்-நெடிலாக 'ஏ', மறுபக்கம் விலகினால் நெடில்-குறிலாக 'என்', நடுவில் சரியாகப் பறந்தால் இரண்டும் கலந்து அறாத ஒரே ரீங்காரம். ஆசிரியர் தன் மேசையிலிருந்தே இந்த ஒலிகளை மாற்றி மாற்றி அனுப்புவார். மேசையில் விரித்த வரைபடத்தின் மேல் மூன்று சக்கரமுள்ள சிறு வண்டி ஒன்று ஊர்ந்து செல்லும். அதன் பெயர் 'நண்டு'. மாணவர் திருப்பும் பக்கமெல்லாம் அதுவும் திரும்பி, மை தோய்ந்த சக்கரத்தால் கோடு போட்டுக்கொண்டே போகும். பாடம் முடிந்து மூடியைத் திறந்து இறங்கும் மாணவர், எங்கே வழி தவறினார் என்பதை அந்தக் கோட்டிலேயே பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 10,000-க்கும் மேற்பட்ட லிங்க் கருவிகள் செய்யப்பட்டன. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட விமானப்படையினர் அவற்றில் பழகினர். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'நீலப் பெட்டி'.

கணினி வந்து சேர்ந்த கதை

போருக்குப் பின் பயணிகள் விமான நிறுவனங்களும் இந்த வழிக்கு வந்தன. 1948-இல் பான் அமெரிக்கன் நிறுவனம், போயிங் 377 விமானத்தின் ஓட்டுநர் அறையை அப்படியே பிரதியெடுத்த சிமுலேட்டரை, அதாவது பாவனைக் கருவியை, நிறுவியது. அது அசையாது, ஜன்னலில் காட்சியும் கிடையாது. ஆயினும் எஞ்சின் தீப்பற்றினால் எந்த விசையை முதலில் தொடுவது என்ற வரிசையை விமானிகள் அதில் மனப்பாடமாகப் பழகினார்கள். அந்தப் பாடத்துக்கு அசைவும் காட்சியும் தேவைப்படவில்லை.

காட்சி தேவைப்பட்ட பாடம் தரையிறங்குவது. அதற்குச் சிறு வீடுகளும் மரங்களும் ஓடுபாதையும் கொண்ட பொம்மை நிலப்பரப்பு செய்து, அதன் மேல் ஒரு தொலைக்காட்சிக் கேமராவை நகர்த்தி, படத்தை விமானி முன் காட்டினார்கள். பொம்மை நிலத்தின் இடத்தைப் பின்னர் கணினி பிடித்தது. கணினியின் வளர்ச்சியிலும் இந்தத் துறைக்குப் பங்கு உண்டு. எம்.ஐ.டி.யின் புகழ்பெற்ற வேர்ல்விண்ட் கணினி, அமெரிக்கக் கடற்படைக்கான விமானப் பாவனைக் கருவித் திட்டமாகவே 1940-களின் நடுவில் தொடங்கியது.

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலம் வழியில் பழுதடைந்தபோது சிமுலேட்டரின் மதிப்பு உலகுக்கே தெரிந்தது. அணைத்து வைத்த கலத்தை மிகக் குறைந்த மின்சாரத்தில் மறுபடி இயக்கும் வழிமுறையைத் தரையிலுள்ளவர்கள் சிமுலேட்டரில் செய்து பார்த்து, சரிபார்த்தபின் விண்வெளி வீரர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். மூவரும் உயிருடன் திரும்பினர்.

1980-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், உயர்தரச் சிமுலேட்டரில் செய்யும் பயிற்சியை உண்மையான விமானப் பயிற்சிக்கு ஈடாக ஏற்கும் திட்டத்தை வெளியிட்டது. ஏற்கெனவே அனுபவமுள்ள விமானி ஒரு புது வகை விமானத்துக்கான பயிற்சியை முழுவதும் தரையிலேயே முடிக்க அது வழி திறந்தது.

தலையில் ஏறிய திரை

சிமுலேட்டர் ஓர் அறையை அடைக்கும் கருவி. அதை முதலில் ஒரு பெட்டி அளவுக்கும் பிறகு தலையில் மாட்டும் அளவுக்கும் சுருக்கும் முயற்சி 1960-களில் தொடங்கியது. திரைப்படக் கலைஞர் மார்டன் ஹைலிக் 1962-இல் 'சென்சோரமா' என்ற பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். முப்பரிமாணப் படத்துடன் ஒலி, காற்று, மணம், அதிர்வு எல்லாம் தரும் அந்தப் பெட்டியைப் பலரும் கேளிக்கைக் கருவியாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் காப்புரிமை ஆவணத்தில் அவர் முதலில் சொன்ன பயன், ஆபத்துக்கு ஆளாக்காமல் மனிதர்களைப் பயிற்றுவிப்பது.

1968-இல் ஐவன் சதர்லண்ட், தலையில் மாட்டும் முப்பரிமாணக் காட்சிக் கருவியைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தலை திரும்புவதை அளக்க, கூரையிலிருந்து ஓர் இயந்திரக் கை இறங்கி வந்து கருவியைப் பிடித்திருந்தது. அணிந்தவருக்கு எதிரே உள்ள அறையும் தெரிந்தது. அதற்கு நடுவே கணினி வரைந்த ஒளிக்கோடுகளும் மிதந்தன. வி.ஆர்., ஏ.ஆர். இரண்டுக்கும் அதுவே முன்னோடி. அதே ஆண்டில் அவர் டேவிட் எவன்ஸுடன் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், விமானச் சிமுலேட்டர்களுக்குக் கணினிக் காட்சி செய்து தருவதில் பெயர் பெற்றது. அமெரிக்க விமானப்படையில் தாமஸ் ஃபர்னஸும் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் மைக்கேல் மெக்ரீவியும் 1980-களில் இந்தக் கருவியை வளர்த்தனர். 'விர்ச்சுவல் ரியாலிட்டி' என்ற பெயரைப் பரப்பியவர் ஜாரன் லானியர்.

தொழிற்கூடத்தில் ஏ.ஆர்.

1990-களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தின் டாம் காடெல், டேவிட் மிசெல் இருவரும் ஒயர் கட்டும் பிரிவின் சிக்கலை ஆராய்ந்தார்கள். ஒரு விமானத்துக்குள் ஓடும் ஒயர்களை முதலில் பெரிய பிளைவுட் பலகை மேல் கட்டாகக் கட்டி, பிறகு விமானத்தில் பொருத்துவார்கள். பலகையில் முழு அளவு வரைபடம் ஒட்டியிருக்கும். வளைவுகளில் முளைகள் அடித்திருக்கும். தொழிலாளி கையிலுள்ள தாளில் ஒயரின் எண்ணைப் பார்க்க வேண்டும், பலகையில் அதன் வழியைத் தேட வேண்டும், மறுபடி தாளுக்கு வர வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் தனிப் பலகை.

வெறும் பலகை ஒன்றை வைத்து, தொழிலாளி அணியும் கண்ணாடி வழியே அடுத்த ஒயர் போகவேண்டிய பாதையை ஒளிக்கோடாகக் காட்டினால் என்ன என்று அவர்கள் கேட்டார்கள். 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்ற பெயர் இந்த வேலையில்தான் பிறந்தது. 1992-இல் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது. அடுத்த ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஃபைனரின் குழு, லேசர் பிரின்டரைப் பழுதுபார்ப்பவருக்கு எந்தப் பாகத்தை எப்படி இழுப்பது என்று கண்ணெதிரே வரைந்து காட்டும் அமைப்பை வெளியிட்டது. எண்ணம் சரியாக இருந்தும் அன்றைய கருவிகள் கனத்தன. தலை அசைந்தால் கோடு பின்தங்கியது. கால் நூற்றாண்டுக்குப் பின், இலகுவான கூகிள் கிளாஸ் கண்ணாடியைக் கொண்டு போயிங் இதே ஒயர் கட்டும் வேலையைச் சோதித்து, வேலை நேரம் 25 சதவீதம் குறைந்ததாக அறிவித்தது.

விண்வெளி, மருத்துவமனை, கடை

1990-இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடி பழுதாக இருந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் தொலைநோக்கியைச் சரிசெய்யப் புறப்படுவதற்கு முன், தரைக் கட்டுப்பாட்டுக் குழுவினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்தப் பணியின் படிகளை மெய்நிகர் உலகில் பழகினர். பெரிய அளவிலான வேலைப் பயிற்சிக்கு ஹெட்செட் பயன்பட்ட தொடக்க நிகழ்வுகளில் இது முக்கியமானது.

அறுவை சிகிச்சையில் கிடைத்த சான்று இன்னும் வலுவானது. லேப்ராஸ்கோப்பி வந்தபோது, வயிற்றுக்குள் நடப்பதைத் திரையில் பார்த்தபடி நீண்ட கருவிகளால் வேலை செய்ய மருத்துவர்கள் கையைப் புதிதாகப் பழக்க வேண்டியதாயிற்று. யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மெய்நிகர் பயிற்சி தந்தார்கள். 2002-இல் வெளியான முடிவு: பயிற்சி பெற்றவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்க 29 சதவீதம் குறைந்த நேரமே எடுத்துக்கொண்டனர், பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ 5 மடங்கு வாய்ப்பு இருந்தது. அந்தப் பயிற்சித் திரையில் பித்தப்பையின் படம்கூட இல்லை. உருண்டைகளையும் பெட்டிகளையும் இரண்டு கருவிகளால் பிடித்து, மாற்றி, குறித்த இடத்தில் தொட வேண்டும், அவ்வளவுதான். கைக்கு வேண்டிய பாடம் அதிலேயே இருந்தது.

2012-க்குப் பின் ஆக்குலஸ் போன்ற மலிவு விலை ஹெட்செட்கள் வந்தபோது இந்தப் பயிற்சி சாதாரண வேலைகளுக்கும் இறங்கி வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கு ஆட்ட நிலைகளைக் காட்டுவதில் தொடங்கிய ஸ்ட்ரைவர் நிறுவனம், 2017-இல் வால்மார்ட் ஊழியர்களின் பயிற்சிக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு, அமெரிக்கக் கடைகள் அனைத்துக்குமாக 17,000 ஹெட்செட்கள் அனுப்பப்போவதாக வால்மார்ட் அறிவித்தது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெருந்தள்ளுபடி நாளின் கூட்டத்தைப் புதிய ஊழியர் முன்கூட்டியே எதிர்கொண்டு பார்க்க அது உதவியது.

எல்லைகளும் தேவைகளும்

இந்த முறைக்குப் பழைய குறை ஒன்று உண்டு. கண் அசைவைக் காண, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அதை உணராதபோது தலைசுற்றலும் குமட்டலும் வரும். 1950-களின் ஹெலிகாப்டர் சிமுலேட்டரிலேயே இது பதிவாகியுள்ளது. ஹெட்செட்டும் இதிலிருந்து முழுதாகத் தப்பவில்லை. அதனால் பாடங்கள் சிறு சிறு பகுதிகளாகவே அமைகின்றன. தொட்டால் தெரியும் கனமும் சூடும் சொரசொரப்பும் கைக்குக் கிடைப்பது அரிது என்பது இன்னொரு குறை. ஆகவே ஆபத்தான வேலை, அரிதாக நேரும் விபத்து, நிறுத்திவைத்துக் கற்பிக்க முடியாத இயந்திரம் ஆகியவற்றுக்கே இந்தப் பயிற்சி மிகவும் ஏற்றது. பொருளைக் கையில் எடுத்தே பழகக்கூடிய எளிய வேலைக்கு அந்தப் பொருளே போதும்.

எந்தக் கருவியானாலும் தீர்மானிக்க வேண்டியவை மூன்று: பாடத்துக்குத் தேவையானது எது, விட்டுவிடக்கூடியது எது, மாணவரின் தவறைப் பார்த்துத் திருத்துபவர் யார். 1948-இன் அசையாத ஓட்டுநர் அறையும் யேலின் உருண்டைகளும் முதல் இரண்டுக்கும் விடை சொல்கின்றன. மூன்றாவதன் விடை லிங்கின் மேசையில் இருக்கிறது. இன்றைய ஹெட்செட் பயில்பவர் எங்கே பார்த்தார், எவ்வளவு நேரம் தயங்கினார் என்று குறித்துவைக்கிறது. அன்று நண்டு வரைந்த கோட்டின் வாரிசு அது. அந்தக் கோட்டை விரித்து வைத்து, இங்கேதான் வழி தவறினாய் என்று காட்டும் ஆசிரியர் இருக்கும்வரை அது பயிற்சிக் கருவி. அவர் இல்லையென்றால், பூங்காவில் காசு போட்டு ஆடிய பெட்டிதான்.