கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஜெல் உருண்டை - உடையாமல் இருக்க என்ன வழி?

பபள் டீயில் வரும் "வெடிக்கும்" உருண்டைகளைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? கடித்ததும் பட்டென்று உடைந்து பழச்சாறு வருமே, அதேதான். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அல்ஜினேட்டும் கால்சியமும் சேர்ந்து அதன் மெல்லிய தோல் உருவாகிறது.

கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பாக்டீரியாவையும் அதே உத்தியில் ஜெல் உருண்டைக்குள் வைக்கலாம். ஆனால், இந்த உருண்டை உடையக்கூடாது!

பாக்டீரியாவை ஏன் அடைத்து வைக்கணும்?

கழிவுநீரில் உள்ள அம்மோனியா மீன்களுக்கு நஞ்சு. அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா மிக மெதுவாகவே பெருகும். தொட்டியில் சும்மா விட்டால், பெருகுவதற்குள் தண்ணீரோடு போய்விடலாம். உருண்டைக்குள் இருந்தால் தண்ணீர் போகும், பாக்டீரியா தங்கும்.

உருண்டை ஏன் உடைகிறது?

• அல்ஜினேட்டைப் பிடித்து வைத்திருப்பது கால்சியம். கழிவுநீரில் இருக்கும் ஃபாஸ்பேட் அதைப் பிடுங்கிக்கொள்ளும். ஜெல் ஊதி, குழைந்துவிடும்.

• தொட்டியைக் கலக்கும்போது உருண்டைகள் ஒன்றோடொன்று உரசித் தேயும்.

• சிலவகை பாக்டீரியா நைட்ரஜன் வாயுவை வெளியிடும். அது உள்ளேயே சேர்ந்தால் உருண்டை வெடிக்கலாம்.

எப்படி வலுப்படுத்துவது?

• பிவிஏ: பாலிவினைல் ஆல்கஹால் என்ற பொருளை போரிக் அமிலத்தில் சொட்டுச்சொட்டாக விட்டால் ரப்பர் போன்ற உறுதியான உருண்டை கிடைக்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் அல்ஜினேட் சேர்ப்பார்கள். ஆனால், போரிக் அமிலத்தில் அதிக நேரம் ஊறினால் பாக்டீரியா பாதிக்கப்படும்.

• உறையவைத்து உருக்குவது: பிவிஏ-யைப் பலமுறை உறையவைத்து உருக்கினாலும் கெட்டிப்படும். அமிலம் தேவையில்லை. ஆனால், குளிரில் சில பாக்டீரியா மடியலாம்.

• மேல்பூச்சு: இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானை அல்ஜினேட் உருண்டையின்மேல் பூசலாம்.

அப்போ, கெட்டியாக்கிக்கொண்டே போகலாமா?

கூடாது. ஜெல் அடர்த்தியானால் ஆக்சிஜனும் அம்மோனியாவும் உள்ளே போக முடியாது. ஓரத்தில் இருக்கும் பாக்டீரியா மட்டும் வேலை செய்யும். நடுவில் இருப்பவை பட்டினி கிடக்கும். அதனால்தான் உருண்டைகளைச் சில மில்லிமீட்டர் அளவிலேயே செய்கிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஜப்பானின் குராரே நிறுவனம் தயாரிக்கும் பிவிஏ உருண்டைகள் சுமார் 4 மில்லிமீட்டர் அளவிலானவை, நுண்துளைகள் நிறைந்தவை. முதலில் உருண்டை தயாராகும். பாக்டீரியா பிறகுதான் குடியேறும். எனவே, உருண்டையை வலுவாக்கும் ரசாயனம் அவற்றைத் தொடுவதே இல்லை.

ஆக, நல்ல உருண்டைக்கு இரண்டு தகுதிகள் வேண்டும்: வெளியே உடையாத உறுதி, உள்ளே மூச்சுவிட இடம்.