வீடு வாங்குவோரின் மறுயோசனைக் காலம் (ஆஸ்திரேலியா)

குடியிருப்பு வீட்டை வாங்க ஒப்பந்தம் போட்டவர், சில வேலைநாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல், சிறு தொகையை மட்டும் இழந்து விலகிக்கொள்ளச் சட்டம் தரும் அவகாசமே மறுயோசனைக் காலம். பேச்சுவழக்கில் இதை ‘கூலிங் ஆஃப்’ என்பார்கள். ஆஸ்திரேலியாவில் நிலமும் வீடும் விற்பது மாநிலச் சட்டங்களின் கீழ் வருவதால், நாட்களின் எண்ணிக்கையும் இழக்க வேண்டிய தொகையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உரிமை வாங்குபவருக்கு மட்டுமே உண்டு. விற்பவர் ஒப்பந்தம் போட்டபின் அதிக விலைக்கு வேறொருவர் வந்தார் என்று பின்வாங்க முடியாது.

நியூ சவுத் வேல்ஸ்

இங்கு இவ்வுரிமை 1919ஆம் ஆண்டின் கன்வேயன்சிங் (சொத்துரிமை மாற்றம்) சட்டத்தில் இடம்பெறுகிறது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே ஒப்பந்தத்தின் இரு பிரதிகளில் தனித்தனியே கையெழுத்திட்டு, அவற்றை மாற்றிக்கொள்ளும்போதுதான் விற்பனை இருவரையும் கட்டுப்படுத்தும். மறுயோசனைக் காலம் அப்போது தொடங்கி, அதற்குப் பின்வரும் ஐந்தாவது வேலைநாள் மாலை 5 மணிக்கு முடிகிறது. திங்களன்று பிரதிகள் மாறியிருந்தால், இடையில் அரசு விடுமுறை இல்லாதபட்சத்தில், அடுத்த திங்கள் மாலை 5 மணி வரை நேரம் இருக்கும்.

விலக நினைப்பவர் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொல்வது போதாது. விலகினால் வீட்டு விலையில் 0.25 சதவீதம் விற்பவருக்குப் போய்விடும். 10 லட்சம் டாலர் வீட்டுக்கு இது 2,500 டாலர். வழக்கமான முன்பணம் 10 சதவீதம், அதாவது ஒரு லட்சம் டாலர். காலம் கடந்தபின் வாங்காமல் விட்டால் அந்த முன்பணம் முழுவதும் பறிபோகலாம், விற்பவர் நஷ்டஈடும் கேட்கலாம். இந்த இரு தொகைகளுக்கும் இடையிலுள்ள தூரம்தான் இவ்வுரிமையின் மதிப்பு. நடைமுறையில் பலர் பிரதிகளை மாற்றும் அன்று 0.25 சதவீதம் மட்டும் கட்டி, மறுயோசனைக் காலம் முடியும் நேரத்தில் மீதி முன்பணத்தைச் செலுத்துகிறார்கள்.

அந்த ஐந்து நாட்களில் வேலை நிறைய. கட்டடப் பரிசோதகர் சுவர் வெடிப்பையும் ஈரக்கசிவையும் பார்ப்பார். கரையான் அரித்திருக்கிறதா என்று பார்ப்பது சிட்னியில் தவறவிடக் கூடாத சோதனை. அடுக்ககமாக இருந்தால் ஸ்ட்ராட்டா (அடுக்ககப் பொது நிர்வாக) பதிவேடுகளைப் புரட்டி, குடியிருப்போர் நிதியில் எவ்வளவு இருக்கிறது, பெரிய பழுதுபார்ப்புக்குக் கூடுதல் பணம் கேட்கப் போகிறார்களா என்று அறிய வேண்டும். கடன் விஷயம் இன்னும் சிக்கலானது. வங்கி ஏற்கெனவே தந்த ‘முன் ஒப்புதல்’ குறிப்பிட்ட வீட்டுக்கானது அல்ல. வங்கியின் மதிப்பீட்டாளர் விலையைக் குறைத்து மதிப்பிட்டால், கடனும் குறையும். ஐந்து நாள் போதாது என்று தெரிந்தால் நீட்டித்துத் தரும்படி கேட்கலாம், ஆனால் விற்பவர் சம்மதித்தால்தான் கிடைக்கும்.

கட்டி முடிக்கப்படாத வீட்டை வரைபடத்தைப் பார்த்து வாங்குவோருக்கு 2019 டிசம்பர் 1 முதல் இந்தக் காலம் 10 வேலைநாட்கள்.

உரிமை இல்லாத இடங்கள்

பொது ஏலத்தில் வாங்கிய வீட்டுக்கு மறுயோசனைக் காலம் கிடையாது. ஏலத்தில் விலைபோகாமல், அதே நாளில் பேரம் பேசி முடித்த விற்பனைக்கும் இல்லை. சிட்னியிலும் மெல்பேர்னிலும் சனிக்கிழமை ஏலம் பரவலான வழக்கம் என்பதால் இது ஓரத்தில் கிடக்கும் விதிவிலக்கு அல்ல. ஏலத்தில் கை தூக்குபவர் சோதனைகளையெல்லாம் முன்பே தம் செலவில் முடித்திருக்க வேண்டும். வீடு வேறொருவருக்குப் போனால் அந்தச் செலவும் அதோடு போகும். நியூ சவுத் வேல்ஸில் 2.5 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமும் இந்தப் பாதுகாப்புக்குள் வராது.

இங்கு உரிமை இல்லாமல் போகும் இன்னொரு வழி ‘66டபிள்யூ’ சான்றிதழ். கன்வேயன்சிங் சட்டத்தின் அந்த எண்ணுள்ள பிரிவின்படி, வாங்குபவர் தம் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். விற்பவருக்காக வேலை பார்க்காத ஒரு சொலிசிட்டரோ (வழக்கறிஞர்) கன்வேயன்சரோ (சொத்துரிமை மாற்றப் பணியைச் செய்பவர்) ஒப்பந்தத்தின் விளைவை அவருக்கு விளக்கி, விளக்கியதாகச் சான்றளிக்க வேண்டும். விட்டுக்கொடுப்பது வாங்குபவரின் விருப்பம் என்றே சட்டம் கருதுகிறது. ஆனால் ஒரே வீட்டுக்குப் பலர் போட்டியிடும்போது, சான்றிதழோடு வருபவரின் விலைக்கே விற்பவர் முதலில் தலையசைப்பார். சந்தை சூடாக இருக்கும்போது அவசரப்பட்டுக் கையெழுத்திடுபவருக்குத்தான் யோசிக்க நாள் வேண்டும். அப்போதுதான் இந்த உரிமை கைநழுவுகிறது. விற்பவர் தரப்பையும் குறை சொல்வதற்கில்லை. மறுயோசனைக் காலத்தில் அவர் கட்டுப்பட்டிருக்க, வாங்குபவர் கால் சதவீதத்துக்கு வீட்டை ஒரு வாரம் பிடித்துவைத்துக்கொண்டு வேறு வீடும் பார்க்கலாம்.

விக்டோரியாவும் பிற மாநிலங்களும்

விக்டோரியாவின் 1962ஆம் ஆண்டு நில விற்பனைச் சட்டம் தருவது மூன்று முழு வேலைநாட்கள். நியூ சவுத் வேல்ஸிலிருந்து ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது: இங்கு கணக்கு தொடங்குவது வாங்குபவர் கையெழுத்திட்ட நாளிலிருந்து, விற்பவர் கையெழுத்திட்டது எப்போது என்பதைப் பொறுத்து அல்ல. விலகினால் 100 டாலர் அல்லது விலையில் 0.2 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது போகும். பொது ஏலத்துக்கு முன்னும் பின்னும் மூன்று முழு வேலைநாட்களுக்குள் செய்த ஒப்பந்தங்களுக்கும் உரிமை இல்லை. இதனால் ஏலத்துக்கு முந்தின வாரம் முகவரிடம் நேரே பேசி வாங்கியவர்கூடச் சிக்கிக்கொள்ளலாம். நிறுவனங்களுக்கும், விவசாயத்துக்கே பெரிதும் பயன்படும் 20 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கும் இது பொருந்தாது.

குயின்ஸ்லாந்திலும் தலைநகரப் பிரதேசத்திலும் ஐந்து வேலைநாட்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் இரண்டு முழு வேலைநாட்கள். மேற்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும் சட்டப்படியான மறுயோசனைக் காலமே இல்லை. அங்கு வாங்குபவர் கடன் கிடைத்தால், கட்டடச் சோதனையில் குறை இல்லாவிட்டால் என்ற நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாமல் விட்டதைப் பின்னர் கேட்க முடியாது.

விட்டுக்கொடுக்க முடியாத உரிமை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2023 ஜனவரி 3 முதல் மூன்று வேலைநாள் அவகாசம் தருகிறது. விலகுவோர் இழப்பது அங்கும் 0.25 சதவீதம்தான். ஆனால் அதை வாங்குபவரே விரும்பினாலும் விட்டுக்கொடுக்க இயலாது. ஆகவே ‘66டபிள்யூ’ போன்ற தாளைக் கொண்டு போட்டியாளரை முந்த வழியில்லை. ஏல விற்பனைக்கு அங்கும் விலக்கு உண்டு. பிரான்ஸில் 2015இல் ஏழு நாளாக இருந்த காலம் பத்து நாளாக்கப்பட்டது. அங்கு விலகுபவர் அபராதம் ஏதும் கட்டுவதில்லை.