ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள்



ஜூன் 1 அன்று எனக்கு வாழ்த்துச் சொன்ன அனைவருக்கும் நன்றி. அன்றைக்கே இங்கே இன்னும் ஏழெட்டுப் பேருக்கு வாழ்த்து வந்ததைப் பார்த்துவிட்டு, "சார், இத்தனை பேருக்கு எப்படி ஒரே பிறந்தநாள்?" என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். கொஞ்சம் நீளமான பதில்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அறையில் எத்தனை பேர் இருந்தால், இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு? 183 என்று தோன்றும். 23 பேர் போதும். ஆட்களை எண்ணாமல் ஜோடிகளை எண்ண வேண்டும். 23 பேரில் 253 ஜோடிகள். 40 பேர் வகுப்பு என்றால் வாய்ப்பு நூற்றுக்கு 89. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறி இஸ்தான்புல்லில் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் ஃபான் மீசஸ், இந்த வகைக் கணக்கை 1939-இல் அச்சில் வெளியிட்டார்.

ஆனால் வருடத்தின் எல்லா நாளும் சமம் என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு. நம் ஊர்ப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் நாட்கள் சமமாக இருந்ததில்லை. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தேதி கேட்டால், "கடலைக்கொடி பிடுங்கின சமயம்" என்பார்கள். பள்ளி திறப்பது ஜூனில். அதிலிருந்து ஐந்து வருடம் பின்னால் போய்த் தலைமையாசிரியர் ஒரு தேதி போடுவார். பிறப்பைப் பதிய 1899-லேயே சென்னை மாகாணச் சட்டம் இருந்தது. 1969-இல் மத்தியச் சட்டமும் வந்தது. காட்டிலும் வீட்டிலும் பிறந்த பிள்ளைகளுக்கு அதெல்லாம் எட்டவில்லை.

நானும் அப்படித்தான். "ரயில் ஆத்துல விழுந்து மூணாம் வருஷம், கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் நீ பொறந்தே" என்பார் அம்மா. 1956 நவம்பர் 23 விடியலில், வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ஆக நான் 1959 கார்த்திகை. பதிவேட்டில் 1-6-1959. அரசுக்கு அரை வருடம் முன்னதாகவே கிழவனாகிவிட்டேன்!

இன்னொரு வேடிக்கை. பெரம்பலூரிலிருந்து 2001-இல் பிரிந்து, 2002-இல் மீண்டும் சேர்க்கப்பட்ட அரியலூர் மாவட்டம், மறுபடி பிறந்தது 2007 நவம்பர் 23. அதே தேதி. "இதில் ஏதோ இருக்கிறது சார்" என்பவர்கள் உண்டு. ஓர் ஊரின் சரித்திரத்தில் எத்தனை தேதிகள், எத்தனை ஜோடிகள்! இரண்டு பொருந்துவது அதிசயமில்லை.

பதிவேட்டுத் தேதிகள் பொருந்தியதுதான் வேறு கதை. அது எங்கள் பேனா செய்தது. என் பேனாவும்தான். பாட்டி கைப்பிடித்து அழைத்து வந்த ஒரு சிறுமி, காது எட்டியது, ஜூன் 1 என்று எழுதினேன். பல வருடம் கழித்துக் காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாமல் என்னைத் தேடி வந்தாள். வயது வரம்பு சில மாதங்களில் போயிருந்தது. கையில் ஜாதகம் வைத்திருந்தாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முன்னால் அது எடுபடவில்லை. "சார், அன்னிக்கு எங்கம்மாவ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். அம்மா அப்போது பக்கத்து வயலில்தான் களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

நான் ஓய்வு பெற்ற வருடம் என் வகுப்பில் 31 பிள்ளைகள். எல்லாரிடமும் பிறப்புச் சான்றிதழ். தேதிகளைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். 31 பேருக்கு வாய்ப்பு நூற்றுக்கு 73. ஆகஸ்டில் ஒரு நாள், ஒரு பையனுக்கும் ஒரு பெண்ணுக்கும் பொருந்தியது. வகுப்பே கைதட்டியது.

உங்கள் நிஜப் பிறந்தநாள் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். எனக்கு இனி தீபத்துக்கு மறுநாள் வாழ்த்துங்கள்.