பாரியின் தோழர், காரியின் அவையில்

திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில், தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பாறை நிற்கிறது. அதன் தலையில் ஒரு சின்னக் கோயில். கபிலர் குன்று என்று ஊரில் சொல்வார்கள். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு மணலூர்ப்பேட்டைக்கும் திருக்கோவிலூருக்கும் குடும்பம் குடும்பமாகப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பாறையை நின்று பார்க்கிறார்கள்? நின்று பார்க்க வேண்டிய இடம் அது. பழைய நண்பனை இழந்த ஒரு மனிதர், புதிய துணைகளைத் தேடி அலைந்து, கடைசியில் வந்து உட்கார்ந்த இடம்.

சங்கராபுரம் பக்கத்தில் தமிழாசிரியராக இருந்தவன் நான். கபிலர் தம் தோழன் பாரியைப் பாடிய பறம்பு மலைப் பாட்டுகளை வருடா வருடம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் முல்லைக்குத் தேர் கொடுத்த கதையோடு நிறைவடைந்துவிடுவார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன் ஒருவன் மட்டும் எழுந்து கேட்டான்: “ஐயா, பாரியத்தான் மூணு ராஜாவும் சேந்து கொன்னாங்க. அந்த ராஜாங்களுக்காகச் சண்ட போட்டவன் காரின்னு நீங்கதான் சொன்னீங்க. அப்புறம் கபிலர் எப்படிய்யா காரிகிட்டப் போனாரு?”

அந்தப் பையன் வளர்ந்த மலையிலும் இப்படி ஒரு கதை உண்டு. காஞ்சியிலிருந்து தங்கள் தெய்வமான காரிராமனோடு வந்த அண்ணன் தம்பிகள், ஊரில் விட்டுவந்த மனைவிமார் தங்களைச் செத்தவர்களாக எண்ணிவிட்டதால், மலைகளிலேயே புதிய துணையைத் தேடிக்கொண்டார்கள் என்பது மலையாளிகள் எனப்படும் அந்த மலைமக்களின் வழிவழிக் கதை. விட்டுவந்ததும் சேர்ந்துகொண்டதும் அவனுக்குப் பாடப்புத்தகச் சங்கதி அல்ல. அதனால்தான் கேள்வி அவ்வளவு நேராக வந்தது என்று நினைக்கிறேன்.

கேள்வி நியாயமானது. புறநானூற்றில் கபிலர் பாரியைப் பாடியவை 105 முதல் 120 வரை வரிசையாக நிற்கின்றன. நடுவில் 112 மட்டும் பாரி மகளிர் பாடியது. அதை அடுத்து, மூச்சு விடாமல், 121 முதல் 124 வரை மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடிய பாட்டுகள். 1894-ல் உ.வே.சா. பதிப்பித்த நாளிலிருந்து படிக்கிற எவரும் ஒரு பக்கத்தைப் புரட்டியதும் பறம்பிலிருந்து கோவலூருக்கு, அதாவது திருக்கோவிலூருக்கு, வந்துவிடுகிறார்கள். இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையிலிருந்து எங்கள் பெண்ணைக் கரைவரை உள்ள தூரம் அந்த ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது.

காரி யார்? திருக்கோவிலூரையும் முள்ளூர் மலையையும் ஆண்டவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். தேர் தேராக வாரிக் கொடுத்ததால் தேர்வண் மலையன் என்று பெயர் வாங்கியவன். அதே சமயம், மூவேந்தரில் யார் பொருள் கொடுத்துக் கூப்பிட்டாலும் அவருக்குத் துணையாகப் போர்க்களம் போனவன். இதைக் கபிலரே 122-ஆம் பாட்டில் ஒளிக்காமல் சொல்கிறார். பாரியைப் போலவே வள்ளலாக இருந்த கொல்லிமலை ஓரியைக் கொன்று, அந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தவனும் காரிதான். ஓரியைக் கொன்ற பின் அவன் ஊர்த்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணை 320-இல் உவமையாக வைத்தவர் யார் தெரியுமா? கபிலர். ஆக, காரி எப்படிப்பட்டவன் என்று தெரியாமல் அவர் அவன் அவைக்குப் போகவில்லை. காரியைப் பாடியது பாரி இறந்த பிறகுதான் என்று பாட்டுக்குள் சான்று காட்ட முடியாது என்று வாதாடி அவரைக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. அந்தக் காப்பு அவருக்குத் தேவையில்லை.

பறம்பு வீழ்ந்த பிறகு அவர் கையில் இருந்தது தோழனின் இரண்டு பெண்கள். அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்காலத்தார் சொன்னவை. புறநானூறு அவர்களைப் பாரி மகளிர் என்றே சொல்கிறது. முந்நூறு ஊர்களையும் பரிசிலருக்குக் கொடுத்துத் தீர்த்த தந்தை விட்டுப்போன பெண்களுக்குச் சீர் செய்ய ஒன்றும் இல்லை. மூன்று பேரரசர்களின் பகைக்கு ஆளானவனின் பெண்கள் வேறு. யார் துணிந்து கட்டுவார்கள்? விச்சிக்கோனிடம் போனார் கபிலர். அவன் ஏற்கவில்லை. இருங்கோவேளிடம் போனார். இவர்கள் பாரியின் மகளிர், நான் இவர்கள் தந்தையின் தோழன், ஆகவே இவர்கள் என் மகளிர் என்று சொல்லிக் கேட்டார். அவனும் ஏற்கவில்லை. அப்போது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. உன் முன்னோன் கழாத்தலையாரை இகழ்ந்ததால்தான் அரையம் என்ற ஊர் அழிந்தது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் திரும்பினார். தனக்கென்று கேட்டிருந்தால் இந்தக் கோபம் வந்திருக்காது.

சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதனிடமும் போனார். பாரியை வீழ்த்திய மூவரில் ஒரு குடி அது. பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்து அவனுக்காகப் பாடியது. அதன் முதல் பாட்டே, அதாவது 61-ஆம் பாட்டு, பாரியின் பெயரோடு வருகிறது. என் தலைவன் திரும்பி வர முடியாத உலகத்துக்குப் போய்விட்டான், அதனால் காப்பாற்று என்று இரந்து உன்னிடம் வரவில்லை, கொடுத்ததற்கு வருந்தாதவன் நீ என்று ஊர் சொல்லக் கேட்டு வந்தேன் என்கிறார். புதிய புரவலனின் வாசலில் நின்று பழைய நண்பனின் பெயரை முதலில் சொல்லத் துணிச்சல் வேண்டும். அந்தச் சேரன் முகம் சுளிக்கவில்லை. நூறாயிரம் காணமும், நன்றா என்னும் குன்றேறிப் பார்த்தால் கண்ணில் படும் நாடெல்லாமும் கொடுத்தான் என்று பதிகம் சொல்கிறது.

காரியைப் பற்றிய நான்கு பாட்டில் பாரியின் பெயர் இல்லை. இது என்னை வெகுநாள் உறுத்தியது. திரும்பத் திரும்பப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இது: காரியை அவர் அரைமனதோடு பாடவில்லை. காலையிலேயே கள்ளுண்டு மகிழ்ந்து தேர் கொடுப்பது எவருக்கும் எளிது, மலையன் தெளிந்திருக்கும்போதே கொடுக்கிறான், அவன் கொடுத்த தேர்களை எண்ணினால் முள்ளூர் மலையில் விழும் மழைத்துளியைவிட அதிகம் என்கிறார். உன் செல்வமெல்லாம் கேட்டு வந்தவர்களுடையது, உனக்கென்று இருப்பது உன் மனைவியின் தோள் ஒன்றுதான் என்கிறார். 121-இல் துணிந்து அறிவுரையும் சொல்கிறார்: கொடுப்பது எளிது, வருகிறவன் தரம் அறிவது அரிது, புலவரை எல்லோரோடும் சேர்த்துப் பொதுவாகப் பார்க்காதே. இதே காரியைப் பாட வந்த மாறோக்கத்து நப்பசலையார், கபிலர் பாடிய பிறகு நாங்கள் பாட இடமே இல்லை என்று சொல்லிவிட்டார். புதிய நண்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கபிலர் முழுதாகச் செய்திருக்கிறார். பாரியை அவன் முன்னால் இழுத்து நிறுத்தி ஒப்பிட்டு, இவனைக் குறைத்துப் பேசவில்லை.

அவர் மனம் கிழிபட்டது எங்கே என்று புறநானூற்றின் 236-ஆம் பாட்டில் தெரிகிறது. அதன் அடிக்குறிப்பு, பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்தபோது கபிலர் பாடியது என்கிறது. அந்தப் பாட்டில் அவர் பேசுவது செத்துப்போன பாரியோடு. கோபித்துக்கொள்கிறார். இத்தனை ஆண்டு என்னைப் பேணினாய், கடைசியில் கூட வரவிடாமல் நீ இரு என்று சொல்லிவிட்டுப் போனாய், நம் நட்புக்கு அது தகுமா, உனக்கு நான் ஏற்றவனாக இல்லாமல் போனேனே என்கிறார். இம்மையில் போலவே மறுமையிலும் உன்னைப் பிரியாமல் இருக்க வேண்டும் என்று முடிக்கிறார். இருங்கோவேள் வாசலில் நின்றதும், சேரனிடம் பொருள் பெற்றதும், மலையனின் தேரைப் பாடியதும் ‘நீ இரு’ என்று பாரி சொன்ன அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றத்தான். அந்தப் பையனுக்கு அன்று நான் சொன்ன பதிலும் இதுதான்: பாரி இருக்கச் சொன்னான், அதனால் இருந்தார்.

வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பாட்டாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. இராசராசனின் தாய் வானவன் மாதேவி இந்த மலையமான் குடியில் பிறந்தவள். பால்குடிக்கும் மகவைப் பிரிந்து, கணவன் சுந்தர சோழனோடு தீயில் புகுந்தவள் என்று அந்தப் பாட்டு அவளைச் சொல்கிறது. அதே பாட்டு, கபிலன் பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையர்க்குக் கொடுத்துவிட்டுக் கனல் புகுந்த கபிலக்கல் இது என்று பாறையைக் காட்டுகிறது. புறநானூற்றுக் குறிப்பில் பெண்கள் போனது பார்ப்பாரிடம், கபிலர் இறந்தது உண்ணா நோன்பில். கல்வெட்டில் பெண் போனது மலையனிடம், கபிலர் இறந்தது தீயில். அரசியின் தீயைப் பாட வந்த புலவன், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தோழனுக்கும் அதே தீயை மூட்டிவிட்டான் என்றே நான் கருதுகிறேன். எனக்கு வடக்கிருத்தல்தான் பொருந்துகிறது. நண்பனோடு பேசி முடிக்க அதில்தான் நாள் இருக்கிறது.

காரியும் நிலைக்கவில்லை. தகடூர் அதியமான் கோவலூரை அழித்தான். அதைப் பரணர் பாடினார் என்று ஔவையார் குறிப்பிடுகிறார். திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் 1981-ல் கண்டெடுத்த தமிழி எழுத்துக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்று சொல்லி, அவன் கை இந்தப் பெண்ணைக் கரைவரை நீண்டதற்குச் சாட்சியாக நிற்கிறது.

சேரர் குடி கபிலரை மறக்கவில்லை. பின்னால் வந்த மாந்தரஞ்சேரல் இரும்பொறை, தன்னைப் பாடக் கபிலர் இன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினான். பொருந்தில் இளங்கீரனார் அதைக் கேட்டு, என்னால் முடிந்தவரை நான் பாடுகிறேன் என்று அவனைத் தேற்றினார். புறநானூறு 53.