எங்க கணக்கு வேணும், எங்க புள்ள பேரு வேணாம்

ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் திறந்த ஒரு மாசத்துக்குள் அந்த நாள் வந்துவிடும். வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு வாத்தியார் சொல்வார்: ‘எஸ்.சி. எல்லாம் எந்திரிங்க.’ எழுந்து நிற்போம். விரலை நீட்டி எண்ணுவார். எண்ணிக்கை குறைந்தால், ‘இன்னும் ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான், யாருடா அது?’ என்பார். உதவித்தொகைப் பட்டியல் அனுப்ப வேண்டும், அவருக்கு அவ்வளவுதான். அரையாண்டுப் பரீட்சை பேப்பர் கொடுக்கிற அன்றைக்கு அதே பட்டியல் அவர் நாக்கில் வந்து உட்காரும்: ‘காசு வாங்கறப்ப முன்னாடி வர்றே, மார்க்கு மட்டும் ஏண்டா பின்னாடி போவுது?’ வகுப்பே சிரிக்கும்.

அவர் கையிலிருந்தது ஒரே நோட்டு. அதே நோட்டில்தான் நமக்கான காசும் இருந்தது, நம்மை அவமானப்படுத்துகிற ஆயுதமும் இருந்தது. இந்த நோட்டுக்கு நூறு வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதை நாம்தான் எழுதியாக வேண்டும்.

சென்னை மாகாணத்தில் 1893 பிப்ரவரி 1ஆம் தேதி பஞ்சமர் கல்விக்கென்று அரசாணை எண் 68 வந்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் அதற்குச் சற்று முன்புதான் சேரிச் சனங்களின் நிலையை அறிக்கையாக எழுதி அரசின் முன் வைத்திருந்தார். 1920களில் தொழிலாளர் துறை நம் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிகள் நடத்தியது. லேபர் ஸ்கூல் என்று நம் தாத்தாக்கள் சொன்னது அதைத்தான். சலுகை என்று வந்தால் கணக்கு வரும், கணக்கு என்று வந்தால் பதிவேட்டில் சாதிக் கட்டம் வரும். அந்தக் கட்டம் நமக்குக் கதவைத் திறந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அந்தக் கதவுக்கு உள்ளே போனவன் என்ன பாடு பட்டான்? இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் அதைப் பதிந்து வைத்திருக்கிறார். கோயம்புத்தூர் கலாசாலையில் படித்த சுமார் நானூறு பேரில் பத்துப் பேர் தவிர எல்லோரும் பிராமணர்கள். பழகினால் சாதி, ஊர், குடும்பம் எல்லாம் தெரிந்துவிடுமே என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படித்திருக்கிறார். மணி அடித்த பிறகு உள்ளே போவார், வகுப்பு முடிந்ததும் யாரும் எட்டிப் பிடிக்காதபடி வீட்டுக்கு விரைவார். ஒளிந்து படித்த இந்த மனிதர்தான் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. தன் சாதியை எங்கே சொல்வது, யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவரே முடிவு செய்தார். அந்தரங்கம் என்று இன்றைக்குச் சட்டம் படித்தவர்கள் பேசுகிறார்களே, அது இதுதான்.

அடுத்த சாட்சி அண்ணல் அம்பேத்கர். கோணிச்சாக்கில் தனியாக உட்கார வைக்கப்பட்ட பிள்ளை அவர். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட பியூன் வராவிட்டால் தாகத்தோடு வீடு திரும்பியவர். 1927 மார்ச்சில் பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானியத்தின் மேல் பேச எழுந்தபோது, அரசின் கல்வித்துறை அறிக்கையில் இருந்த கணக்கையே எடுத்து அரசின் முகத்தின் முன் வைத்தார். ஆரம்பப் பள்ளியில், மக்கள்தொகை ஆயிரத்துக்கு முன்னேறிய இந்துக்கள் 119 பேர். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடிகளும் அடங்கிய பிரிவில் 18 பேர். உயர்நிலைப் பள்ளியில் லட்சத்துக்கு அவர்கள் 3,000, இவர்கள் 14. கல்லூரியில் இரண்டு லட்சத்துக்கு அவர்கள் 1,000, இவர்கள் அநேகமாக ஒருவருமில்லை. அதே மாதம் 20ஆம் தேதி மகாடு குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். அந்தக் கணக்கும் ஒரு போராட்டம்தான்.

கவனியுங்கள், அந்தக் கணக்கில் ஒரு பிள்ளையின் பெயர்கூட இல்லை. குற்றவாளிக் கூண்டில் நின்றது அரசாங்கம். எங்கள் வாத்தியார் எண்ணியபோது நின்றது நாங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பெயரோடு சேர்த்துச் சாதியைச் சொன்னால் மார்க்கே மாறிப்போகிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமப் பையன்களுக்குப் புதிர் போடக் கொடுத்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். சாதியைச் சொல்லாதபோது நம் பிள்ளைகளும் மற்றவர்களும் ஏறத்தாழச் சமமாகவே போட்டார்கள். எல்லோர் எதிரிலும் சாதியை வாசித்த பிறகு நம் பிள்ளைகள் சறுக்கினார்கள். எங்கள் வாத்தியார் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: மார்க்கு ஏன் பின்னாடி போச்சுன்னா, நீங்க எந்திரிக்கச் சொன்னீங்க சார்.

மேல்படிப்பிலும் இதே கதை. அங்கே நேராகச் சாதி கேட்க மாட்டார்கள், ‘உன் ரேங்க் என்ன?’ என்பார்கள். 2023இல் மும்பை ஐ.ஐ.டி., சக மாணவரிடம் நுழைவுத்தேர்வு ரேங்கைக் கேட்பது சாதியைத் தோண்டுகிற வேலையாகிவிடும், கேட்காதீர்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட வேண்டி வந்தது. அதே வருசம் ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் கூடப் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. எழுந்து நின்றவர்களுக்குத்தான் அந்த ஒரு வரியின் கனம் தெரியும்.

இங்கேதான் ஒரு சூழ்ச்சியையும் பார்க்க வேண்டும். ‘அப்படின்னா சாதியையே எடுத்துடலாமே, எதுக்கு எழுதணும்?’ என்று சிலர் முந்திக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் எதையும் இழக்காதவர்கள் பேசுகிற பேச்சு இது. எழுதாமல் விட்டால், எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் யார், பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றவர்கள் யார், எந்த ஒன்றியத்தில் நம் பெண்பிள்ளைகள் காணாமல் போகிறார்கள் என்று எப்படிக் கேட்போம்? அந்தரங்கத்தின் பேரால் அநியாயத்தை மூடி வைக்க விடக் கூடாது.

இப்போது நோட்டு போய் எமிஸ் வந்துவிட்டது. பெயர், சாதி, அப்பன் ஆத்தா செல்போன் நம்பர், மார்க்கு எல்லாம் ஒரே இடத்தில். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நாம் கேட்க வேண்டியவை இவை. சாதியும் மார்க்கும் சேர்ந்த விவரத்தை யார் திறந்து பார்க்கலாம்? பார்த்தவர் பெயர் பதிவாகிறதா? வகுப்பாசிரியருக்குப் பாடம் நடத்த மார்க்கு வேண்டும், சாதி எதற்கு? கணக்கு வெளியிடும்போது ஒன்றியம், மாவட்டம் என்று பெரிய அளவில் வெளியிடுங்கள். சிற்றூர்ப் பள்ளியில் ஒரு வகுப்பில் நம் பிள்ளைகள் ரெண்டே பேர் என்றால், ‘எஸ்.சி. இருவர், தேறாதவர் இருவர்’ என்று ஒட்டுவதும் பெயர் போட்டு ஒட்டுவதும் ஒன்றுதான். உதவித்தொகை பேசாமல் வங்கிக் கணக்குக்குப் போகட்டும்.

எங்களை எழுப்பி எண்ணிய நாளில் ஒளிந்திருந்த அந்த ஒருத்தன் சில நாள் நானாகவும் இருந்திருக்கிறேன். பெஞ்சுக்கு அடியில் பென்சில் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். இன்றைக்கு என் சாதியைச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். சொல்வது நானாக இருக்கும்போது எனக்கு வெட்கமில்லை. என் மகள் எப்போது சொல்ல வேண்டும் என்பதை அவளே முடிவு செய்வாள். அதுவரைக்கும் அவளை எண்ணுங்கள், எழுப்பாதீர்கள்.